ரசமட்டம்

கஸ்தூரியார் வீதிப் புடவைக்கடையில்
பன்னிரண்டு வருசமாய் நிற்கிறேன்.
நாற்பது சேலை விரித்த பிறகும்
"வேற கிடக்கோ பிள்ளை?" என்று கேட்கிற ஆட்களை
எனக்குத் தெரியும்.
மாம்பழ மஞ்சள் கேட்டு வந்து
மஞ்சளில் பதினொரு பிழை பிடித்து
கடைசியில் நீலத்தோடு போவார்கள்.
பொறுமையும் சேர்த்துத்தான் என் சம்பளம்.

ஆனால் அக்காவின் மகன் நிதுர்சன்,
வாற வியாழன் ஒன்பது வயது,
அவனிடம் என் தொழில் செல்லாது.

போன வருசம் ரிமோட் கார் கொடுத்தேன்.
கவிழ்த்துப் பார்த்தான்.
"பின் சில்லு ரெண்டும் சும்மா, சித்தி."
அதற்கு முந்தின வருசம் கதைப்புத்தகம்.
ஆறாம் பக்கத்தில் நரிக்கு ஐந்து கால்.
படம் கீறியவர் வாலையும் காலாக்கிவிட்டார்.
அதோடு மூடி வைத்தவன்தான்.
கனடாவிலிருந்து பெரியப்பா அனுப்பின சப்பாத்து
விட்டு விட்டு மின்னும்.
"நடக்கிறதுக்கு ஏன் லைற்?"
வீட்டில் ஒருவரிடமும் பதில் இல்லை.
குழப்படி கிடையாது, அழுகை கிடையாது.
"தாங்ஸ்" என்று சொல்லி
அலுமாரிக்கு மேலே வைத்துவிடுவான்.
அந்தத் தாங்ஸைத்தான் தாங்கேலாது.

எங்கள் கடையில் ஒரு ரகசியம் உண்டு.
வாய் வேண்டாம் என்னும்போது
விரல் எந்தச் சேலைக்குத் திரும்பத் திரும்பப் போகுதோ
அதற்குத்தான் பில் போட வேணும்.
சனிக்கிழமை அரைநாள் லீவு எடுத்து
அவனையே ரவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்,
விரலைப் பார்க்க.

இரண்டு கையையும்
காற்சட்டைப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு வந்தான்.

கிரிக்கெட் மட்டை:
"எண்ணெய் பூசி வெடிப்பை மறைச்சிருக்கினம்."
பூமிப்பந்து:
"இலங்கை மடிப்புக்குள்ள போட்டுது."
மீன்தொட்டி முன்னால் கனநேரம் நின்றான்.
நான் மனதுக்குள் காசு எண்ணத் தொடங்கினேன்.
"அந்தச் சின்னனின்ர வாலை ஆரோ கடிச்சிருக்கு.
வாங்கோ போவம்."

சர்பத் குடித்தோம். அவனுக்கு இனிப்புக் கூட.
பஸ் நிலையத்துக்குக் குறுக்கால் நடக்க
அக்கா தாழ்ப்பாள் சொல்லிவிட்டது ஞாபகம் வந்தது.
இரும்புக்கடைக்காரர் பெட்டி பெட்டியாய்க் கிளற
என் பக்கத்தில் ஒரு கை
பொக்கற்றை விட்டு வெளியே வந்தது.

மஞ்சள் நிறம், ஒரு முழ நீளம்.
நடுவில் கண்ணாடிக் குழாய்,
பச்சைத் தண்ணீர், அதற்குள்
எங்கேயும் தங்க மனமில்லாத ஒரு குமிழி.

"ரசமட்டம், தம்பி. மேசன்மாற்றை சாமான்.
குமிழி கோட்டுக்குள்ள நிண்டால் நேர்."
"குமிழி பொய் சொல்லாதோ?"
"மேசன் சொல்லுவான். இது சொல்லாது."
அவர் சிரித்து முடிக்க முதல்
கடை மேசையில் வைத்துப் பார்த்தான்.
சரிவு.
"வேண்டாம்" என்றான்.
விரலை எடுக்கவில்லை.
ஆயிரத்து எண்ணூறு ரூபா. பில் போடச் சொன்னேன்.
தாழ்ப்பாளை மறந்தே போனேன்.

வியாழன்வரை பொறுக்க முடியவில்லை அவனுக்கு.
கதவு நிலை சரிவு. சாமித்தட்டு சரிவு.
அத்தான் தன் கையால் பதித்த தரை
கிணற்றுப் பக்கம் சரிவு.
அத்தான் தேத்தண்ணியோடு முற்றத்துக்கு எழும்பிப் போனார்.
"என்ன சாமானடி வாங்கிக் குடுத்தனி?"
என்றாள் அக்கா.
பிறந்தநாள் கேக்கும் தப்பவில்லை.
ரசமட்டத்தின் அடியில் ஐசிங்.
"கிணத்துத் தண்ணி மட்டும்தான் சரியா இருக்கும்.
ஆனா வைக்க ஏலாது, சித்தி."

வாசலில் செருப்பு மாட்ட நின்றேன்.
கதிரையை இழுத்துப் போட்டு ஏறி
என் இரு தோளுக்கும் குறுக்கே வைத்தான்.
"அசையாதேங்கோ."
பிடரியில் கேக் மணக்கும் மூச்சு.
"இடது பக்கம் கீழ. கனக்கச் சரிவு."
சேலைக்கட்டுச் சுமக்கிற பக்கம் அது.
அவனுக்கு அது தெரியாது.
"அப்ப திருத்துவமோ?"
யோசித்தான்.
"வேண்டாம்."

கையை எடுக்கவில்லை.
சந்தியில் கடைசி பஸ் ஹோர்ன் அடித்தது.
நான் அசையவில்லை.